குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முதல் மருந்து தந்த சுப்பாராவ்

குழந்தைகளைத் தாக்கும் ரத்தப் புற்றுநோய்க்கு 1947ஆம் ஆண்டு வரை மருந்தே கிடையாது. நோய் இன்னது என்று தெரிந்த சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் குழந்தை இறந்துவிடும். அந்த நோயை முதன்முதலாகப் பின்வாங்கச் செய்த மருந்து அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தயாரானது. ஆய்வுக்கூடத்தின் தலைவர் சென்னையில் படித்த டாக்டர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றவர்.

அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

காசிக்கு ஓட்டம்

அன்றைய சென்னை ராஜதானியில், இன்றைய ஆந்திராவில் உள்ள பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ந் தேதி சுப்பாராவ் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் ரெவினியூ இலாகாவில் வேலை பார்த்தவர். உடல்நலம் கெட்டு, காலத்துக்கு முன்பே வேலையை விட நேர்ந்தது. பெரிய குடும்பம். கையில் பணம் இல்லை.

சிறுவன் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. பணம் சம்பாதிக்க ஒரு வழி கண்டுபிடித்தான். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்பது! சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுக் கிளம்பிய பிள்ளையைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள்.

தாயார் வெங்கம்மா விடவில்லை. கணவர் இறந்த பிறகும் நகைகளை விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்தார். இரண்டு முறை தவறிய மெட்ரிகுலேஷனை, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாவது முறை எழுதித் தேறினார் சுப்பாராவ். பிறகு மாநிலக் கல்லூரி. அங்கே படிக்கும்போது ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசி ஆக விரும்பினார். தாயார் சம்மதிக்கவில்லை. மக்களுக்குச் சேவை செய்ய வைத்தியம் படிக்கலாமே என்று மடத்தில் யோசனை சொன்னார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதர் உடை

அது காந்தியடிகள் அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் ஆபரேஷன் அறைக்கும் கதர் அங்கி அணிந்து போனார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு இது பிடிக்கவில்லை. மற்ற பாடங்களை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை அரசின் மருத்துவப் பணியிலும் இடம் கிடைக்காமல், ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு பாடம் நடத்தினார். துணி விஷயத்தில் காட்டிய இந்தப் பிடிவாதம்தான் பிற்காலத்தில் ஆராய்ச்சியிலும் அவருக்குக் கைகொடுத்தது என்று சொல்லலாம்.

இதற்கிடையில் வீட்டில் பேரிடி விழுந்தது. அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து ஸ்ப்ரூ என்ற குடல் நோயால் இறந்தார்கள். இந்த நோய் வந்தால் சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. பேதி நிற்காது. ரத்தம் சுண்டி, சோகை பிடித்து, ஆள் எலும்பாகிவிடுவார். அதற்கு மருந்து என்ன என்ற கேள்வி சுப்பாராவின் மனத்தில் தங்கிவிட்டது.

1919ஆம் ஆண்டு அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி பெயர் சேஷகிரி. மாமனாரும் காக்கிநாடாவில் இருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் பண உதவி செய்ய, 1922ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

பாஸ்டன் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல நோய்கள் பற்றிய படிப்பு. பகலில் வகுப்பு. இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவும் வேலை. சென்னையில் டாக்டராகப் படித்தவர், வயிற்றுப்பாட்டுக்காக இந்த வேலையைச் செய்தார்.

பிறகு ஹார்வர்டிலேயே ஆராய்ச்சியில் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க, பேராசிரியர் பிஸ்கேயுடன் சேர்ந்து 1925ஆம் ஆண்டு ஒரு முறையை வெளியிட்டார். பிஸ்கே - சுப்பாராவ் முறை என்று உலகம் முழுவதும் அதைப் படித்தார்கள். தசைகளுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருளை 1929ஆம் ஆண்டு இருவரும் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதைக் கண்டுபிடித்தார். இத்தனை செய்தும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தர வேலை தரவில்லை. 1940ஆம் ஆண்டு நியூயார்க் அருகே பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார்.

பம்பாய் மில் பெண்கள்

இங்கே பம்பாயில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1928ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் அங்கே வந்தார். துணி மில்களில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பமாக இருக்கும்போது கடும் சோகை நோயால் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சாப்பாட்டில் ஏதோ ஒரு சத்து இல்லை என்று லூசி வில்ஸ் கண்டுபிடித்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான பண்டத்தைக் கொடுத்ததும் பெண்கள் பிழைத்தார்கள். 1931ஆம் ஆண்டு இதை எழுதி வெளியிட்டார். ஆனால் அந்தச் சத்து என்னவென்று யாருக்கும் தெரியவில்லை.

பத்து ஆண்டு கழித்து, அமெரிக்காவில் டெக்ஸாஸ் விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக் கீரையை அரைத்து அந்தச் சத்தில் ஒரு துளியைப் பிரித்தார்கள். இலையிலிருந்து கிடைத்ததால், லத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லை வைத்து போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். துளியை வைத்துக்கொண்டு வைத்தியம் செய்ய முடியாதே! 1945ஆம் ஆண்டு அதை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது சுப்பாராவின் குழு. ஸ்ப்ரூ நோயாளிகளின் சோகைக்கு அது கைகண்ட மருந்தாயிற்று. சகோதரர்கள் இறந்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

போலிச் சாவி

பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சிட்னி பார்பர், லெடர்லியில் தயாரான போலிக் அமில வகைகளை ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ரத்தத்தை விருத்தி செய்யும் சத்து அல்லவா, குணம் தரும் என்று நினைத்தார். நடந்தது நேர்மாறு. நோய் வேகமாக வளர்வதுபோல் தெரிந்தது. நல்ல ரத்த அணு வளரத் தேவைப்படும் சத்து, கெட்ட அணுவுக்கும் தீனியாயிற்று.

அப்படியானால் அந்தத் தீனியைத் தடுத்தால்? சுப்பாராவின் குழுவினர் போலிக் அமிலத்தைப் போலவே தோற்றமுள்ள ஒரு பொருளைத் தயாரித்தார்கள். போலிச் சாவி மாதிரி. பூட்டுக்குள் நுழையும், திரும்பாது. அசல் சாவியையும் நுழைய விடாது. அதன் பெயர் அமினோப்டெரின். 1947ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் இரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அதைக் கொடுத்தார் பார்பர். கெட்ட அணுக்கள் குறைந்தன. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான அறிக்கையில், 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததாக எழுதினார். ஆனால் தற்காலிகம்தான். சில மாதங்களில் நோய் திரும்பியது. அந்தக் குழந்தைகள் பிழைக்கவில்லை.

அதே வகையில் வந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் நிற்கிறது. அடையாறு ஆனாலும், பெங்களூரு கித்வாய் மருத்துவமனை ஆனாலும், இந்த நோய்க்கான சிகிச்சையில் மற்ற மருந்துகளுடன் அதுவும் உண்டு. பணக்கார நாடுகளில் 10 குழந்தைகளில் 8 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் அந்த அளவு இல்லை. ஒரு முக்கிய காரணம், குழந்தை தேறியதும் செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது. இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் விடாமல் மருந்து சாப்பிட வேண்டிய நோய் இது. ஊரிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்களுக்கு ரெயிலில் சலுகை உண்டு. டாக்டரின் சான்றிதழைக் காட்டினால், சிலீப்பர் வகுப்பில் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்கு வருபவருக்கு நூற்றுக்கு 75 குறையும்.

தாயின் குற்றமா?

குழந்தைக்கு இந்த நோய் என்றதும் வீட்டில் முதலில் தாயைத்தான் பார்ப்பார்கள். மாசமாக இருக்கும்போது எதைச் சாப்பிட்டாள், கிரகணத்தில் வெளியே போனாளா என்று பேச்சு கிளம்பும். இதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

நோயின் தொடக்கம் பல சமயம் கருவிலேயே இருக்கிறது என்பது உண்மை. பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்திக் காகிதத்தில் ஒற்றி வைத்த ரத்தத்துளிகளை, பிற்காலத்தில் நோய் வந்த குழந்தைகளுக்காக எடுத்து 1997ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சோதித்தார்கள். சிலருடைய துளியில் அப்போதே பழுதான அணு இருந்தது. அது தற்செயலாக நேரும் பழுது. அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. முதல் வயதில் சாதாரணக் கிருமிகளோடு பழகாத குழந்தைக்குப் பின்னால் தொற்று வரும்போது இரண்டாவது பழுது நேரலாம் என்பது விஞ்ஞானி மெல் கிரீவ்ஸின் கருத்து.

கர்ப்பிணியின் வயிற்றை எக்ஸ்ரே எடுத்தால் குழந்தைக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும் என்று 1956ஆம் ஆண்டு ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பெண் டாக்டர் தாய்மார்களை விசாரித்துச் சொன்னார். முதலில் நம்பாத டாக்டர்கள் பிறகு ஒப்புக்கொண்டு அந்தப் பழக்கத்தையே குறைத்துக்கொண்டார்கள். ஆறு மாதமாவது தாய்ப்பால் குடித்த குழந்தைகளிடம் நோய் சற்றுக் குறைவாகக் காணப்படுகிறது.

சுப்பாராவின் போலிக் அமிலமும் இந்தக் கணக்கில் வருகிறது. கர்ப்ப காலத்தில் இரும்புச் சத்துடன் அதைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு நோய் பாதிக்கு மேல் குறைவு என்று 2001ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பல நாடுகளின் 12 ஆய்வுகளை 2014ஆம் ஆண்டு ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது சிறிதளவு குறைவு தெரிந்தது. இதை நிரூபணம் என்று சொல்ல முடியாது. ஆனால் சோகைக்கும், குழந்தையின் முதுகுத்தண்டு ஊனமாகாமல் தடுக்கவும் அது உதவும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகத் தரும் இரும்புச் சத்து மாத்திரையில் இருப்பது அதே போலிக் அமிலம்தான்.

யானைக்கால் நோய்க்கான மருந்தும் 1947ஆம் ஆண்டு சுப்பாராவின் குழு தந்ததுதான். அரசு ஊழியர்கள் வீடு வீடாக வந்து கொடுத்த டி.இ.சி. மாத்திரை அது.

அவர் ஊருக்குத் திரும்பவில்லை. அமெரிக்கா போன பிறகு பிறந்த மகன், தந்தை பார்க்காமலே கைக்குழந்தையாக இறந்துபோனான். மனைவியையும் அவர் மறுபடி பார்க்கவில்லை. பார்பரின் அறிக்கை வெளியாகி இரண்டு மாதம் சற்றே கடந்த நிலையில், 1948ஆம் ஆண்டு ஆகஸ்டில் மாரடைப்பால் இறந்தார். வயது 53.

1953ஆம் ஆண்டு ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரைச் சேர்த்து சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தார்கள். நூற்றாண்டான 1995ஆம் ஆண்டு இந்தியத் தபால் இலாகா அவர் படத்துடன் தபால் தலை வெளியிட்டது.