கெமிக்கல் இன்ஜினியர் எடுத்த பறவைப் படங்கள்

ஆண்டு மலரில் வாழ்க்கை வரலாறு என்றால் விஞ்ஞானி, தலைவர், விளையாட்டு வீரர் என்று ஒரு வரிசை வழக்கமாக இருக்கும். இந்த வருஷம் கொஞ்சம் விலகி, ஒரு பறவைப் படக்காரரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். பெயர் எலியட் போர்ட்டர். அமெரிக்கர். இயற்கையைக் கலரில் படம் பிடித்தவர்களில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். ஆள் படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங்! ஆகவே நம்ம டிபார்ட்மென்ட் பசங்களுக்கும் சொந்தக்காரர்தான்.

போட்டோ எடுக்கிற நண்பர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏரிக்குப் போய் நாரை எடுக்கிறார்கள், கொக்கு எடுக்கிறார்கள். பத்துப் பேர் கூடி ஒருத்தர் படத்தை ஒருத்தர் பார்க்கும்போது நடப்பது இரண்டே சங்கதிதான். ஒன்று, சூப்பர் மச்சி என்று முதுகில் தட்டுவது. இல்லையென்றால் சுமார்தான் என்று உதட்டைப் பிதுக்குவது. இரண்டிலும் படம் எடுத்தவனுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. போர்ட்டருக்கும் இந்த மாதிரி அனுபவம் உண்டு. அதிலிருந்து அவர் எப்படி மேலே வந்தார் என்பதுதான் எனக்கு அவரிடம் பிடித்த விஷயம்.

1901 டிசம்பர் 6-ஆம் தேதி, சிகாகோவுக்குப் பக்கத்தில் உள்ள வின்னெட்கா என்ற ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். அப்பாவுக்கு இயற்கை என்றால் உயிர். 1912-இல் மெய்ன் மாநிலக் கடலில் கிரேட் ஸ்ப்ரூஸ் ஹெட் என்ற ஒரு தீவையே வாங்கிவிட்டார் மனுஷன்! கோடை விடுமுறை எல்லாம் அங்கேதான். கையில் ஒரு பெட்டிக் கேமராவை வைத்துக்கொண்டு பையன் பறவைக் கூடுகளைத் தேடித் தீவு முழுக்க அலைந்தான். மீனைத் தூக்கிக்கொண்டு போகும் விராலடிப்பான் கூடுகூட அவன் கேமராவுக்குத் தப்பவில்லை.

பிறகு படிப்பு. ஹார்வர்டில் 1924-இல் கெமிக்கல் இன்ஜினியரிங் பட்டம், 1929-இல் அங்கேயே மருத்துவப் பட்டம். ஆனால் டாக்டராக உட்கார்ந்து நாடி பார்க்கவில்லை. ஹார்வர்டிலேயே உயிர்வேதியியலும் பாக்டீரியாவியலும் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்து பத்து வருஷம் இருந்தார். இடையில் சின்ன வயசுப் போட்டோ ஆசை திரும்பவும் முளைத்தது. ஒரு லைக்கா கேமரா வாங்கினார். லேப் நேரம் போக மீதி நேரமெல்லாம் டார்க்ரூமில்.

1930-களின் முற்பாதியில் இரண்டு பேர் அவர் படங்களைப் பார்த்தார்கள். கதையே இந்த இரண்டு பேரில்தான் இருக்கிறது.

முதலாமவர் ஆன்ஸல் ஆடம்ஸ். மலைகளையும் பாறைகளையும் கருப்பு வெள்ளையில் எடுத்துப் பெயர் வாங்கியவர். போர்ட்டரைவிடச் சில மாதமே சின்னவர். இருவரும் படங்களைக் காட்டிக்கொண்டார்கள். ஆடம்ஸ் பிரிண்ட்டைப் பார்த்ததும் தன் படங்கள் எவ்வளவு வெளிறியவை என்று போர்ட்டருக்கே உறைத்துவிட்டது. ஆடம்ஸ் நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று தீர்ப்பு சொல்வதோடு நிற்காமல், பெரிய ஃபிலிம் போடும் கேமராவுக்கு மாறச் சொன்னார். அவ்வளவுதான் யோசனை. ஆனால் அது எவ்வளவு கெட்டியான யோசனை என்று நாம் கணக்குப் போட்டே பார்க்கலாம். லைக்கா ஃபிலிமில் ஒரு ஃபிரேம் 24-க்கு 36 மில்லிமீட்டர், அதாவது 864 சதுர மில்லிமீட்டர். போர்ட்டர் அடுத்து வாங்கிய லின்ஹோஃப் கேமராவின் ஃபிலிம் 9-க்கு 12 சென்டிமீட்டர், அதாவது 10,800 சதுர மில்லிமீட்டர். பன்னிரண்டரை மடங்கு! எட்டங்குல அகலப் பிரிண்ட் போட லைக்கா ஃபிலிமை எட்டரை மடங்கு பெரிதாக்க வேண்டும். லின்ஹோஃப் என்றால் இரண்டேகால் மடங்கு போதும். பறவையின் இறகில் உள்ள வரி தெரிவதும் மசமசவென்று கரைவதும் இந்த வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

ஒர்க்ஷாப்பில் ஃபிட்டிங் ஜாப்பைக் கொண்டுபோய்க் காட்டும்போது இன்ஸ்ட்ரக்டர் மட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்து, இந்த மூலையில் இன்னும் கொஞ்சம் ராவு என்று விரலை வைத்துக் காட்டுவார் இல்லையா, அந்த ரகம் ஆடம்ஸ்.

இரண்டாமவர் வேறு ரகம். ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். 1864-இல் பிறந்தவர். போட்டோவும் ஒரு கலைதான் என்று அமெரிக்காவை ஒத்துக்கொள்ள வைக்கப் பல காலம் மல்லுக்கட்டிய பெரியவர். நியூயார்க்கில் அவர் நடத்திய அன் அமெரிக்கன் பிளேஸ் என்ற கூடத்தில் ஒருத்தர் படம் மாட்டப்பட்டால் அது பட்டம் வாங்கின மாதிரி. அங்கே போட்டோக்காரர்களுக்கு இடம் கிடைப்பது அபூர்வம். ஆடம்ஸுக்கே 1936-இல்தான் கிடைத்தது. போர்ட்டரின் தம்பி ஃபேர்ஃபீல்ட் ஓவியர். அவர் மூலமாக அறிமுகமாகி, போர்ட்டர் தன் படக்கட்டைக் கொண்டுபோய்க் காட்டினார். பெரியவர் பார்த்தார். படங்கள் கம்பளி மாதிரி மெத்தென்று இருக்கின்றன, இன்னும் ரொம்ப உழைக்க வேண்டும் என்கிற அர்த்தத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டார். எதை மாற்றணும், எப்படி மாற்றணும், மூச்சு விடவில்லை.

நம்மில் யாராவது இருந்தால் என்ன பண்ணியிருப்போம்? கிழவருக்குப் பறவையைப் பற்றி என்ன தெரியும் என்று ஹாஸ்டலில் வந்து பொருமியிருப்போம். போர்ட்டர் அப்போது ஒன்றும் சின்னப் பையனில்லை. முப்பது வயசு தாண்டிய ஹார்வர்டு ஆசிரியர். கௌரவம் பார்த்திருக்கலாம். அவர் திரும்பப் போனார். புதுப் படங்களோடு மறுபடியும் போய்க் காட்டினார். மறுபடியும் உழைக்கச் சொன்னார்கள். சில வருஷம் இப்படியே ஓடியது.

ஸ்டீக்லிட்ஸ் செய்தது சரியா என்று கேட்டால், என் கட்சி பாதிதான் சரி என்பது. ஒருத்தனை வெறும் உழை, உழை என்று விரட்டுவதில் பெரிய உபகாரம் இல்லை. வழி சொல்ல ஆடம்ஸ் இல்லாமல் போயிருந்தால் போர்ட்டர் லைக்காவோடே மாய்ந்திருப்பார். ஆனால் பெரியவரிடம் ஒரு நேர்மை இருந்தது. தேறாத படத்தைத் தேறியது என்று அவர் சொல்லவே இல்லை. அதனால்தான் 1938-இல் நடந்ததற்கு மதிப்பு. அந்த முறை படங்களை ஒரு தடவை பார்த்தவர், திரும்ப ஒரு தடவை முதலிலிருந்து பார்த்தார். இனி இதை நானே மாட்டுகிறேன் என்று முடிவு சொன்னார். 1938 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1939 ஜனவரியில் கண்காட்சி நடந்தது. அந்த 1939-லேயே போர்ட்டர் ஹார்வர்டு வேலையை விட்டார். முப்பத்தேழு வயசில், குடும்பஸ்தர், நிலையான உத்தியோகம், விட்டுவிட்டுப் போட்டோதான் தொழில் என்று இறங்கினார். குடும்பச் சொத்து கொஞ்சம் தாங்கியது என்பதையும் மறைக்கக்கூடாது. நம்மூரில் அரியர் வைத்திருப்பவர்கள் இதை முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்!

மூன்றாவது விமர்சனம் ஒரு பதிப்பகத்திலிருந்து வந்தது. பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் போடலாம் என்று கருப்பு வெள்ளைப் படங்களோடு ஹௌட்டன் மிஃப்ளின் என்ற பதிப்பகத்தை அணுகினார். படம் அருமையாக இருந்தாலும் கலர் இல்லாமல் பறவைப் புத்தகம் எதற்கு என்றார்கள். நியாயம்தானே! மஞ்சள் தொண்டையும் சிவப்புத் தலையும் கருப்பு வெள்ளையில் ஒரே சாம்பல். போர்ட்டர் வாதாடாமல் கலருக்குப் போனார். கோடாக்ரோம் ஃபிலிம் அப்போதுதான் புதுசு. கெமிக்கல் இன்ஜினியரிங் படிப்பு இங்கேதான் கைகொடுத்தது.

அந்தக் காலத்துக் கோடாக்ரோமுக்கு வேகம் மிகக் குறைவு. பறவையோ இலை நிழலில் இருக்கிறது, ஒரு நொடி நிற்காது. பெரிய கேமராவில் கூடும் பறவையும் ஒருசேரத் தெளிவாக விழ அபர்ச்சரை இறுக்கவும் வேண்டும். மூன்றும் சேர்ந்தால் வெளிச்சம் போதவே போதாது. ஆகவே ஃபிளாஷ் பல்புகள். ஒரு பல்பு ஒரு தடவைதான், சுட்டதும் கருகிவிடும். ஷட்டர் திறக்கும் கணமும் பல்பு எரியும் கணமும் ஒத்துப்போக வேண்டும். மறைவிடம் கட்டி மணிக்கணக்கில் உட்கார்ந்து, இரையோடு தாய்ப்பறவை வரும் நேரம் பார்த்து அடிக்க வேண்டும். பிரிண்ட் போடுவது அதைவிடப் பெரிய வேலை. டை டிரான்ஸ்ஃபர் முறையில், கலர் ஃபிலிமிலிருந்து சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர் வழியாக மூன்று கருப்பு வெள்ளை நெகட்டிவ் எடுக்கணும். ஒவ்வொன்றிலிருந்தும் ஜெலட்டின் அச்சு ஒன்று. அவற்றை முறையே சயான், மெஜந்தா, மஞ்சள் சாயத்தில் ஊறவைத்து, ஒரே காகிதத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக உருட்டணும். மயிரிழை நகர்ந்தாலும் படம் கெட்டது. இந்த வேலையைப் போர்ட்டர் ஆண்டுக்கணக்கில் தன் கையாலேயே செய்தார்.

1941-இல் கூகன்ஹைம் உதவித்தொகை, 1946-இல் மறுபடியும். 1943-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய கலர்ப் பறவைப் படங்கள் மாட்டப்பட்டன. நடுவில் யுத்த காலத்தில் எம்.ஐ.டி-யின் ரேடார் ஆய்வுக்கூடத்திலும் வேலை பார்த்தார். 1946-இல் மனைவி அலீனோடு நியூ மெக்சிகோவில் சான்டா ஃபே பக்கம் குடியேறினார். ஆனால் முன்னால் கைதட்டிய கலைக்காரர்கள் பலருக்குக் கலரே பிடிக்கவில்லை. கலர் விளம்பரத்துக்கு, கருப்பு வெள்ளைதான் கலைக்கு என்பது அன்றைய எண்ணம். நண்பர் ஆடம்ஸும் கருப்பு வெள்ளைக் கட்சிதான். இங்கே போர்ட்டர் யார் பேச்சையும் கேட்கவில்லை! ஃபிலிம் சைஸ் பற்றி ஆடம்ஸ் சொன்னதை அப்படியே ஏற்றவர், கலர் விஷயத்தில் தன் வழியிலேயே போனார். எதைக் கேட்பது, எதை விடுவது என்பதை வைத்துத்தான் இவரை நான் பெரிய ஆளாக எண்ணுகிறேன். முன்னது படத்தைத் தெளிவாக்கும் யோசனை. பின்னதை ஏற்றிருந்தால் அவர் எடுக்க வந்த பறவையின் நிறமே போயிருக்கும்.

வீட்டிலும் ஒரு நல்ல விமர்சகர் இருந்தார். மனைவி அலீன் ஓவியர். போர்ட்டர் எடுத்த காடு, இலை, ஓடைப் படங்களைப் பார்த்து, தோரோ என்ற பழைய எழுத்தாளரின் மனசும் உங்கள் மனசும் ஒத்துப்போகிறது என்று எடுத்துக்காட்டியவர் அவர்தான். போர்ட்டர் பல வருஷம் தோரோவைப் படித்துப் படித்துப் படம் சேர்த்தார். அச்சுச் செலவுக்குப் பயந்து பதிப்பகங்கள் கைவிரித்தன. கடைசியில் 1962-இல் சியரா கிளப் அதைப் புத்தகமாகப் போட்டது. விலை 25 டாலர், அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை. இருந்தும் நன்றாக விற்றது. தம்பி ஃபேர்ஃபீல்டும் சும்மா இருக்கவில்லை. ஓவிய விமர்சகராகவும் எழுதிவந்த அவர், அண்ணன் படத்தில் நடுவில் ஒரு பொருள், பின்னால் ஒரு திரை என்ற பிரிவே கிடையாது, எல்லா மூலையும் உயிரோடு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். பாராட்டு என்றால் இப்படி இருக்கணும். இதைக் கேட்ட பிறகு அந்தப் படங்களை மூலை மூலையாகப் பார்க்கத் தோன்றுகிறது.

அடுத்த வருஷம், 1963-இல், கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யனைப் பற்றிய புத்தகம். அணை கட்டி அந்தப் பள்ளத்தாக்கு தண்ணீரில் மூழ்கத் தொடங்கிய அதே வருஷம்.

போர்ட்டரை ஒரேயடியாகத் தூக்கி வைக்கவும் எனக்கு மனசில்லை. வெளிச்சம் விழ வேண்டும் என்பதற்காகக் கூட்டுக்கு முன்னாலிருக்கும் கிளைகளை ஒதுக்குவார். ரொம்ப உயரத்தில் இருக்கும் கூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, தாய்ப்பறவை பழகப் பழக, கீழே இறக்கியதும் உண்டு. அன்றைக்கு அதைத் திறமை என்றார்கள். இன்றைக்கு எந்த இயற்கைப் போட்டோக் குழுவும் இதை ஒப்புக்கொள்ளாது. பல போட்டிகளில் கூட்டுப் படம் என்றாலே தள்ளிவிடுகிறார்கள். மறைப்பு போனால் வெயிலும் காக்கையும் முதலில் குஞ்சிடம்தான் வரும். ஃபோகஸ், கலர், கம்போஸிஷன் என்று அவர் படத்துக்கு எத்தனையோ பேர் கருத்துச் சொன்னார்கள். பறவை சார்பாகவும் ஒருத்தர் அந்தப் படங்களைப் பார்த்துப் பேசியிருக்கலாம். நம்ம பசங்க படம் காட்டும்போது, ஷட்டர் ஸ்பீடு கேட்பதற்கு முன்னால் எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தாய், பறவை கூட்டைவிட்டு எழுந்ததா என்று கேட்பவன் ஒருத்தன் இருந்தால் அவனை விட்டுவிடாதீர்கள்.

பறவைகளைப் பற்றிய பெரிய புத்தகம் 1972-இல் வந்தது. வட அமெரிக்கப் பறவைகளில் தனக்குப் பிடித்தவற்றை அவரே தேர்ந்தெடுத்த தொகுப்பு. கலர் இல்லாமல் எதற்கு என்று பதிப்பகம் கேட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்டார்டிகா, சீனா என்று எழுபது வயசு தாண்டியும் கேமராவோடு சுற்றினார். 1990 நவம்பர் 2-ஆம் தேதி சான்டா ஃபேயில் காலமானார். பிரிண்ட்கள், நெகட்டிவ்கள் எல்லாவற்றையும் டெக்ஸஸில் ஃபோர்ட் வொர்த் நகரத்து அமான் கார்ட்டர் அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார்.