நிழலை அளந்த அறிஞர்

கி.பி. 973 ஆம் ஆண்டு, இன்று உஸ்பெகிஸ்தானில் உள்ள காத் என்னும் நகரில் பிறந்தவர் அபூ ரைஹான் அல்-பிரூனி அவர்கள். அந்தப் பிரதேசம் அக்காலத்தில் குவாரஸ்ம் எனப்பட்டது. பூமியின் அளவைக் கணித்தவர், சமஸ்கிருதம் கற்று இந்தியாவைப் பற்றி நூல் எழுதியவர் என்று அவரை நம்மில் பலர் அறிவோம். ஆரம்பப் பிரிவில் கற்பிக்கும் ஆசிரியையான என்னைக் கவர்ந்தது அவருடைய இன்னொரு நூல். நிழல்களைப் பற்றி மட்டுமே முப்பது அத்தியாயங்களில் அவர் ஒரு நூல் எழுதியிருக்கிறார். ஒரு பேரறிஞர் நிழலுக்கு இவ்வளவு இடம் கொடுத்தது ஏன் என்ற கேள்விதான் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

பதினேழு வயதளவிலேயே அவர் நண்பகலில் சூரியன் நிற்கும் உயரத்தை அளந்து, தன் ஊரான காத் நகரின் அகலக்கோட்டைக் கணித்தார். ஆனால் அந்த ஆர்வத்துக்கு அவர் ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது. இளமையில் சூரிய கிரகணங்களை நேரே பார்த்ததால் தம் பார்வை பலவீனமடைந்ததாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். சூரியனை நேரே பார்ப்பதைத் தவிர்க்குமாறும், நீரில் தெரியும் அதன் பிம்பத்தைப் பார்ப்பதே மேல் என்றும் அவர் அறிவுரை கூறினார். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பிம்பமும் வேண்டாம். கண்ணுக்குத் தீங்கில்லாமல் சூரியனைப் படிக்க நிழலே போதும்.

அவருடைய வாழ்க்கை அமைதியானதாக இருக்கவில்லை. 995 இல், அவருக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது, ஆட்சிக் கலவரத்தால் சொந்த ஊரை விட்டு வெளியேறினார். 1017 இல் கஸ்னியின் சுல்தான் மஹ்மூத் குவாரஸ்மைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த அல்-பிரூனியும் கஸ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஒக்டோபர் மாதம் காபூலுக்கு அருகே ஒரு கிராமத்தில் இருந்த வேளையில், அவரிடம் வானியல் கருவி ஒன்றுகூட இல்லை. அதற்காக அவர் கைகட்டி இருந்துவிடவில்லை. கணக்குப் பலகையின் பின்புறத்தில் பாகைகள் குறித்த ஒரு வில்லை வரைந்தார். ஒரு தூக்குநூலைச் சேர்த்துக்கொண்டார். அந்த இடத்தின் அகலக்கோட்டை அளந்தார். ஆய்வுகூடம் இல்லை, உபகரணம் இல்லை என்று நாங்கள் ஆசிரியர்கள் குறைப்படும்போதெல்லாம் இந்தப் பலகை என் நினைவுக்கு வருகிறது.

நிழல் நூலை அவர் 1021 அளவில் எழுதினார். நிழலுக்கும் வணக்கத்துக்கும் உள்ள தொடர்பும் அந்நூலில் இடம்பெறுகிறது. மிகக் குறுகிய நிழல் மறுபடி நீளத் தொடங்கும்போது ளுஹர் நேரம் ஆரம்பமாகிறது. நண்பகல் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாகும்போது, நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி அஸர் நேரம் வருகிறது. கடிகாரத்தையும் கைத்தொலைபேசியையும் பார்த்துத் தொழப் பழகிய பிள்ளைகளுக்கு, அந்த நேர அட்டவணையின் அடியில் ஒரு நிழல் இருப்பது தெரிவதில்லை.

அதனால் தரம் 2 மாணவிகளை நான் மைதானத்துக்கு அழைத்துச் செல்கிறேன். காலை எட்டு மணிக்கு ஒருத்தி நிற்க, மற்றவள் வெண்கட்டியால் அவளுடைய நிழலை நிலத்தில் வரைவாள். இடைவேளையில் அதே இடத்தில் அவளை மறுபடி நிறுத்துவோம். நிழல் கோட்டை விட்டு நகர்ந்திருக்கும், குட்டையாகியும் இருக்கும். நிழல் எங்கே போனது என்று அவர்களே கேட்பார்கள். பதிலை நான் சொல்வதில்லை. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று யோசிக்கச் சொல்வேன்.

பிறகு நிழலைப் பாதத்தால் அளக்கச் சொல்வேன். ஒருவரின் உயரம் அவருடைய பாதத்தைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு என்று வைத்து, நிழலைப் பாதக் கணக்கில் அளக்கும் முறை அந்நாளைய வானியலாளரிடம் இருந்தது. சிறுமி தன் நிழலைத் தன் பாதத்தாலும், நான் என் நிழலை என் பாதத்தாலும் அளந்தால், ஒரே வேளையில் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே எண் வரும். நெட்டையான டீச்சருக்கும் குட்டையான தனக்கும் ஒரே கணக்கா என்று அவர்கள் வியக்கும் அந்த நொடியில் ஒரு கணிதப் பாடம் முடிந்துவிடுகிறது.

பெற்றோர் சிலர் இதை விரும்புவதில்லை. வெயிலில் நின்றால் பெண்பிள்ளை கறுத்துப் போவாள் என்பது ஒரு கவலை. புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவுமா என்பது இன்னொரு கவலை. இளவெயிலில் பத்து நிமிடம், தலையில் தொப்பி, போத்தலில் தண்ணீர் என்ற ஒழுங்கோடுதான் நாங்கள் போகிறோம். நிழல் எந்தத் திசையில் விழும் என்று மனனம் செய்த பிள்ளை, கேள்வி சற்று மாறினால் தடுமாறுகிறாள். தன் நிழலைத் தானே வரைந்தவள் தடுமாறுவதில்லை. அதைவிட, நிறம் பற்றிய நமது பயத்துக்காக ஒரு சிறுமிக்கு வானத்தை மூடிவிடுவது நியாயமா என்பதையும் உம்மாமாரும் வாப்பாமாரும் யோசிக்க வேண்டும்.

அல்-பிரூனி 1050 அளவில் கஸ்னியில் காலமானார். அவர் பிறந்த காத் நகரில் நண்பகல் நிழல் ஒருநாளும் முற்றாக மறைவதில்லை. அது வெகுவடக்கே இருக்கிறது. நமது நாட்டுக்கோ ஆண்டுக்கு இருமுறை அந்த வாய்ப்புக் கிடைக்கிறது. கொழும்பில் ஏப்ரல் 7 ஐ அண்டியும் செப்டெம்பர் 5 ஐ அண்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரல் விடுமுறையில் ஒரு நாள், பகல் பன்னிரண்டு மணி கடந்ததும், முற்றத்தில் ஒரு தடியை நேராக நட்டு, பிள்ளையோடு ஒதுங்கி நின்று பாருங்கள். தடியின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். பின் அது கிழக்கே மெல்ல நீளும். மூன்று மணிக்குச் சற்றுப் பின்னர் தடியளவுக்கு அது வளர்ந்ததும், என்ன நேரம் வந்திருக்கிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். கடிகாரத்தைப் பார்க்காமலே அவள் சொல்லிவிடுவாள்.