கப்பலில் பிறந்த கணக்கு

உத்தியோக நிமித்தமாகச் சொந்த ஊரை விட்டு வந்து, மாற்றல் உத்தரவு எப்போது வருமோ என்று காத்திருந்து, ஊருக்கு ஊர் பிள்ளைகளைப் புதிய பள்ளியில் சேர்த்து வாழும் குடும்பங்களின் நிலை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதன்று. அத்தகைய குடும்பம் ஒன்றில், 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி, லாகூர் நகரில் பிறந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். பிற்காலத்தில் வானநூல் உலகம் முழுவதும் போற்றிய பேரறிஞர் அவர். தந்தையார் சி. சுப்பிரமணிய ஐயர் அரசாங்கக் கணக்குத் தணிக்கை இலாகாவைச் சேர்ந்தவர். அக்காலத்தில் வடமேற்கு ரயில்வேயின் தணிக்கை அதிகாரியாக லாகூரில் பணியாற்றி வந்தார். பாட்டனாரோ அதற்கு முன்பே தஞ்சைச் சீமையை விட்டு விசாகப்பட்டினம் சென்று, அங்குள்ள கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் போதித்தவர். சிற்றப்பா ஸர் சி. வி. ராமன் புகழ் பெற்றது கல்கத்தாவில். வீட்டுக்குள் தமிழ், வெளியே வேறு மொழி என்னும் வாழ்க்கை இவர்களுக்கு இரண்டு தலைமுறைப் பழக்கம்.

பத்துக் குழந்தைகளில் மூன்றாமவர் சந்திரசேகர். ஆண் மக்களில் மூத்தவர். தந்தையார் வயலின் வாசிப்பில் வல்லவர்; கர்நாடக இசை பற்றி நூல்களும் எழுதியவர். தாயார் சீதாலக்ஷ்மி அம்மாள் நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்ஸன் எழுதிய பொம்மை வீடு நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பெண்கள் உயர்தரப் பள்ளியில் கால் வைப்பதே அரிதாயிருந்த காலத்தில் அவர் செய்த காரியம் அது. இக்குடும்பம் 1918-ல் சென்னைக்கு மாறி நிலைத்தது. பன்னிரண்டு வயது வரையில் வீட்டிலேயே பாடம் பயின்ற சந்திரசேகர், 1922-ல் திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். 1925-ல் மாநிலக் கல்லூரிக்குச் சென்றார்.

மூத்த மகன் ஐ.சி.எஸ். தேர்வு எழுத வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். தணிக்கை இலாகாவில் காலங்கழித்த ஒருவர் அதை விரும்பியதில் வியப்பில்லை. மகனுக்கோ ராமானுஜனைப் போலக் கணிதமே வேண்டும். கணிதம் படித்தால் உத்தியோகம் கிடைப்பது அரிது என்று தந்தையார் வற்புறுத்தவே, பௌதிக ஆனர்ஸ் வகுப்பில் பெயரைப் பதிவு செய்துகொண்டு, கணித வகுப்புகளிலும் சென்று அமர்ந்தார் மகன். தாயார் மகன் பக்கம் நின்றார்.

1928-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஜெர்மானியப் பேராசிரியர் ஸோமர்பெல்டு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் சொற்பொழிவாற்றினார். அவருடைய நூலைத் தாமே படித்து முடித்திருந்த சந்திரசேகர், அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே சென்று சந்தித்தார். பாராட்டை எதிர்பார்த்துச் சென்ற இளைஞருக்குக் கிடைத்தது அதிர்ச்சி. அந்நூல் அச்சான பின்னர்ப் பௌதிகமே அடியோடு மாறிவிட்டது என்று எடுத்துரைத்த ஸோமர்பெல்டு, உலோகங்களிலுள்ள எலெக்ட்ரான்கள் பற்றித் தாம் எழுதிய புதிய கட்டுரையின் அச்சுப்படியைக் கொடுத்து அனுப்பினார். அந்தப் படியை வைத்துக்கொண்டு சில மாதங்களில் சந்திரசேகர் தாமே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜிலிருந்த பேராசிரியர் பௌலருக்கு அனுப்பினார். 1929-ல் அது லண்டன் ராயல் ஸொஸைட்டியின் வெளியீட்டில் அச்சாயிற்று. எழுதியவருக்கு வயது பத்தொன்பதுகூட நிரம்பவில்லை.

1930-ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய விஞ்ஞான காங்கிரஸ் அலஹாபாதில் கூடியது. மாணவராகவே அங்குச் சென்றார் சந்திரசேகர். அந்நகரப் பல்கலைக்கழகத்தில்தான் மேகநாத ஸாஹா பேராசிரியராக விளங்கினார். விண்மீன்களின் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பநிலையை அறியும் வழியை 1920-ல் வகுத்து, உலகப் புகழ் எய்தியவர் அவர். சென்னையிலிருந்து வந்த மாணவனை ஸாஹா ஒதுக்கவில்லை. ராயல் ஸொஸைட்டி வெளியீட்டில் வந்த கட்டுரையைப் படித்திருப்பதாகக் கூறி மெச்சினார், தம்மிடம் ஆராய்ச்சி செய்யும் இளைஞர்களுக்கு அறிமுகப்படுத்தினார், விருந்துக்கும் அழைத்தார். கல்லூரிப் படிப்பு முடியாத ஒருவரைத் தமக்கு இணையாக அமர வைத்து உபசரித்த அந்தப் பெருந்தன்மையைச் சந்திரசேகர் பிற்காலத்திலும் மறக்கவில்லை. இளைஞன் ஒருவன் தன் ஆராய்ச்சியோடு பெரியோர் கூடிய சபைக்குச் சென்றால் எவ்வாறு வரவேற்கப்பட வேண்டும் என்பதற்கு அலஹாபாத் ஓர் உதாரணம். ஐந்து ஆண்டுகள் கழித்து லண்டனில் நடந்தது வேறு விதம்.

அவ்வாண்டே இந்திய அரசாங்கத்தின் உதவிச் சம்பளம் கிடைத்து, கேம்பிரிட்ஜ் செல்ல ஏற்பாடாயிற்று. ஆனால் தாயார் நோய்வாய்ப்பட்டிருந்தார். உடல் நிலை நாளுக்கு நாள் நலிந்து வந்தது. போவதா, நிற்பதா என்று மூத்த மகன் தயங்கினார். போகத்தான் வேண்டும் என்று உறுதியாகக் கூறி அனுப்பி வைத்தவர் அந்தத் தாயாரே. 1930 ஜூலை 31-ஆம் தேதி பம்பாயிலிருந்து பில்ஸ்னா என்னும் இத்தாலியக் கப்பல் புறப்பட்டது. தாயும் மகனும் மீண்டும் சந்திக்கவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் 21-ஆம் தேதி அம்மாள் காலமானார்.

கப்பல் பம்பாயை விட்டதும் கடல் கொந்தளித்தது. முதற் சில நாட்கள் சந்திரசேகரால் எழுந்திருக்கவே இயலவில்லை. கடல் அமைதியான பின்னர், மேல்தளத்து நாற்காலியில் அமர்ந்து ஒரு கணக்கை எடுத்துக்கொண்டார்.

அக்கணக்கு இன்னதென்று சிறிது விளக்க வேண்டும். எரிபொருள் தீர்ந்துபோன விண்மீன் தன் பாரத்தாலேயே சுருங்குகிறது. சூரியனளவு பொருள் நம் பூமியளவு உருண்டைக்குள் அடங்கிவிடும். அதில் ஒரு சிறு கரண்டியளவு எடுத்தால் டன் கணக்கில் நிறுக்க வேண்டும். இத்தகைய விண்மீன்களுக்கு வெள்ளைக் குள்ளர்கள் என்று பெயர். மேலும் சுருங்காமல் அவற்றைத் தாங்கி நிற்பது எது? 1926-ல் பௌலர் இதற்கு விடை கண்டார். கூட்டம் நிறைந்த ரயில் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ் இருக்கைகள் யாவும் நிரம்பிவிட்டால் பின்னால் ஏறுவோர் மேல் பலகைக்குத்தான் ஏற வேண்டும். ஒருவர் மடியில் மற்றொருவர் அமர முடியாது. எலெக்ட்ரான்களும் அப்படியே. தாழ்ந்த நிலைகள் நிரம்பியதும் எஞ்சியவை மேலும் மேலும் அதிக வேகமுள்ள நிலைகளுக்குத் தள்ளப்படுகின்றன. அந்த வேகத்தினால் எழும் அழுத்தமே விண்மீனைத் தாங்குகிறது என்றார் பௌலர்.

அவ்வளவு வேகம் என்றால் எவ்வளவு வேகம் என்று கேட்டார் கப்பலில் சென்ற மாணவர். கணக்கிட்டுப் பார்த்தபோது, ஒளியின் வேகத்துக்கு அருகில் வந்தது. ஒளியை விஞ்சி எதுவும் செல்ல இயலாது என்பது ஐன்ஸ்டீன் கொள்கை. ஆகவே விண்மீனின் பாரம் கூடும்போது அழுத்தம் பௌலர் எண்ணிய அளவுக்கு உயராது. ஓர் எல்லைக்கு மேல் பாரமே வெல்லும். அதாவது, வெள்ளைக் குள்ளன் ஒன்று இத்தனை பாரத்துக்கு மேல் இருக்கவே முடியாது. அந்த எல்லை சூரியனின் பாரத்தைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது இன்று நிலைபெற்ற முடிவு. 1931-ல் அவர் வெளியிட்ட முதற் கட்டுரையில் 0.91 என்றிருந்தது, விண்மீனின் உட்பொருள் எதனாலானது என்னும் மதிப்பீடு பின்னர் மாறியதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். ஆண்டர்ஸன், ஸ்டோனர் என்னும் இருவரும் அதே காலத்தில் தனித்தனியே இவ்வழியில் நடந்தார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். ஆயினும் விண்மீனின் உள்ளமைப்பு முழுவதையும் கணக்கிட்டு இம்முடிவை நிறுவியவர் சந்திரசேகரே.

எல்லையைத் தாண்டிய விண்மீன் என்ன ஆகும்? இந்தக் கேள்விதான் பின்னர் அவருக்கு வினையாக முடிந்தது.

கேம்பிரிட்ஜில் பௌலரிடம் மாணவராக இருந்து, இடையே ஓராண்டு கோபன்ஹேகன் நகரில் நீல்ஸ் போர் நடத்திய ஆராய்ச்சி நிலையத்தில் கழித்து, 1933-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே டிரினிடி கல்லூரியின் பெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1934-ல் ரஷ்யா சென்றபோது அங்கு ஆம்பர்ட்ஸுமியன் என்னும் இளம் வானநூலாரின் யோசனையைக் கேட்டு, தம் கொள்கையைத் தோராயங்கள் இன்றி முழுமையாகக் கணக்கிடத் தொடங்கினார். கையால் சுழற்றும் கணக்கு இயந்திரத்தோடு அந்த இலையுதிர் காலம் முழுவதும் கழிந்தது. ஸர் ஆர்தர் எடிங்டன் அடிக்கடி அவர் அறைக்கு வந்து, கணக்கு எவ்வளவு தூரம் முன்னேறியது என்று விசாரித்துச் செல்வார். 1919-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின் மூலம் ஐன்ஸ்டீன் கொள்கைக்குச் சான்று தந்தவர் எடிங்டன். விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூலைச் சந்திரசேகர் சென்னையில் கல்லூரிப் பரிசாகவே பெற்றிருந்தார். அத்தகையவர் தம் அறைக்கு வந்து போவதை அவர் ஆசியாகக் கருதியிருந்தால் அதில் தவறென்ன?

1935 ஜனவரி 11-ஆம் தேதி லண்டனில் ராயல் அஸ்ட்ரனாமிகல் ஸொஸைட்டியின் கூட்டம். முந்திய நாள் நிகழ்ச்சி நிரலைக் கண்ட சந்திரசேகர் திடுக்கிட்டார். தமக்கு அடுத்தபடியாக எடிங்டன் அதே பொருள் பற்றிப் பேசுவதாக அச்சிடப்பட்டிருந்தது. அத்தனை நாள் வந்து போனவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அன்றிரவு கல்லூரி விருந்து மண்டபத்தில் பார்த்தபோதும், கட்டுரை நீளமாயிற்றே என்று அரை மணி நேரம் ஒதுக்கும்படி தாம் கேட்டு வாங்கியிருப்பதாகச் சொன்னாரேயன்றி, தாம் என்ன பேசப்போகிறார் என்பதைச் சொல்லவில்லை.

மறுநாள் இருபத்து நான்கு வயது இளைஞர் எழுந்து தம் முடிவுகளை விளக்கினார். பின்னர் எழுந்தார் எடிங்டன். சந்திரசேகரின் கொள்கைப்படி பெரிய விண்மீன் சுருங்கிக்கொண்டே சென்று, ஒளியும் வெளியேற முடியாத நிலையை அடைய வேண்டியிருக்கும் என்பதை அவர் தெளிவாகக் கண்டார். கண்டவர், அது அபத்தம் என்றார். விண்மீன் இவ்விதம் கோமாளித்தனம் செய்யாதபடி தடுக்க இயற்கையில் ஏதேனும் விதி இருந்தே தீரும் என்றும், ஐன்ஸ்டீன் கொள்கையையும் குவாண்டம் கொள்கையையும் சந்திரசேகர் கலந்த முறையே தவறு என்றும் கேலியாகப் பேசினார். சபை சிரித்தது. பதில் கூறச் சந்திரசேகருக்கு வாய்ப்பு அளிக்கப்படவில்லை. கூட்டம் கலைந்தபின் பலர் வந்து அனுதாபம் தெரிவித்தனர். அவருடைய கணக்கில் நம்பிக்கை தெரிவித்தவர் இல்லை.

எடிங்டன் எதைக் கண்டு நகைத்தாரோ அதையே இன்று கருந்துளை என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

சந்திரசேகர் அன்றிரவு மனமுடைந்துதான் கேம்பிரிட்ஜ் திரும்பினார். ஆயினும் சோர்ந்து உட்காரவில்லை. கோபன்ஹேகனிலிருந்த நண்பர் ரோஸன்பெல்டுக்குக் கடிதம் எழுதி, எடிங்டனின் வாதத்தைப் பௌதிகத்தில் வல்லவர்கள் ஆராய வேண்டுமெனக் கேட்டுக்கொண்டார். போரும் பௌலியும் எடிங்டன் கூற்றில் பொருளில்லை என்றே கருதினர். ஆனால் அதைப் பகிரங்கமாக எழுத அவர்கள் முன்வரவில்லை. தனி அறையில் ஒப்புக்கொள்வதும் சபையில் வாய் மூடியிருப்பதும் மேல்நாட்டுக்கும் பொதுவான குணம் போலும்! அதே ஆண்டு ஜூலையில் பாரிஸில் சர்வதேச வானநூற் சங்கம் கூடியபோது எடிங்டன் மீண்டும் ஒரு மணி நேரம் இதைத் தாக்கிப் பேசினார். தலைமை வகித்த அமெரிக்க வானநூலார் ரஸ்ஸலிடம் பதில் பேச அனுமதி கேட்டும் சந்திரசேகருக்கு அது கிடைக்கவில்லை.

1936 செப்டம்பரில் தாயகம் வந்து, மாநிலக் கல்லூரியில் உடன் பயின்ற லலிதா துரைசாமியை மணந்துகொண்டார். 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் வாழ்நாள் முழுவதும் அங்கேயே பணியாற்றினார். விண்மீன்களின் அமைப்பைப் பற்றித் தாம் அறிந்ததையெல்லாம் 1939-ல் ஒரு நூலாக எழுதி முடித்துவிட்டு, அத்துறையை விட்டே விலகி வேறு ஆராய்ச்சியில் இறங்கினார். வீண் சச்சரவில் ஆயுளைக் கழிப்பதா, புதிய வேலையைத் தொடங்குவதா என்று வந்தபோது அவர் எடுத்த முடிவு அது. நம் கருத்தில், அவருடைய கணக்குகளுக்குச் சற்றும் குறைந்ததன்று இம்முடிவு.

எடிங்டனிடம் அவர் பகைமை பாராட்டவில்லை. தர்க்கம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலும் இருவரும் பழகினர், கடிதங்கள் எழுதிக்கொண்டனர். 1939-ல் பாரிஸில் வெள்ளைக் குள்ளர்கள் பற்றி நடந்த மாநாட்டில் இருவரும் மீண்டும் எதிரெதிராக நின்றனர். அங்கு விருந்தின் போது எடிங்டன் அருகில் வந்து, மனத்தைப் புண்படுத்தியிருந்தால் வருந்துவதாகக் கூறினார். கருத்து மாறிவிட்டதா என்று சந்திரசேகர் வினவ, இல்லை என்றார் அவர். அப்படியாயின் எதற்காக வருந்துகிறீர்கள் என்று கேட்டு விலகிச் சென்ற சந்திரசேகர், அவ்வாறு வெடுக்கென்று கேட்டதற்காகப் பிற்காலத்தில் வருந்தினார். 1944-ல் எடிங்டன் மறைந்தபோது சிகாகோவில் இரங்கலுரை ஆற்றிய சந்திரசேகர், அக்காலத்து வானநூலாரில் ஷ்வார்ஸ்சைல்டுக்கு அடுத்த இடம் எடிங்டனுக்கே உரியது என்று மதிப்பிட்டார்.

கப்பலில் கண்ட எல்லை மெல்ல மெல்ல உலகத்தாரால் ஏற்கப்பட்டு, சந்திரசேகர் எல்லை என்றே பெயர் பெற்றது. 1983-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் வில்லியம் பௌலர் என்னும் அமெரிக்கருக்குமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. இவர் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் பௌலர் அல்லர். பெயர் ஒற்றுமை மட்டுமே. 1995 ஆகஸ்ட் 21-ஆம் தேதி சிகாகோவில் சந்திரசேகர் காலமானார். 1999-ல் அமெரிக்கர் விண்ணில் ஏவிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்கு அவர் நினைவாகச் சந்திரா என்று பெயரிட்டனர்.

1983 டிசம்பர் 8-ஆம் தேதி ஸ்டாக்ஹோம் நகரில் அவர் பரிசுச் சொற்பொழிவு ஆற்றினார். வயது எழுபத்து மூன்று. விண்மீன்கள் எவ்வாறு நிலைபெறுகின்றன என்பது பொருள். பில்ஸ்னா கப்பலின் மேல்தளத்தில் தொடங்கிய அதே கணக்கை, அன்று மீண்டும் ஒரு சபையின் முன் அவர் விளக்கினார்.