தீங்கு நேருமுன் திறந்த கதவு: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

கொட்டகலையைச் சூழ்ந்த தோட்டப் பாடசாலைகளில் எட்டாம், ஒன்பதாம் ஆண்டு வகுப்புகளில் பயிலும் மாணவி ஒருத்தி திடீரென்று வராது போனால், அதை முதலில் அறிபவர் வகுப்பாசிரியரே. சில வாரங்கள் கழித்து அவள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நிற்பதாகச் செய்தி வரும். தரகர் வந்து போனதும், தந்தையின் குடியும், தாய் மத்திய கிழக்கு நாட்டுக்குப் பயணமானதும், கடைக்கடனும் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்தவையாகவே இருந்திருக்கும். ஆசிரியர் கலாசாலையும், அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் அமைந்துள்ள இப்பகுதியில் ஆசிரியர்களோடு உரையாடும் வாய்ப்பு நமக்கு அடிக்கடி கிட்டுகிறது. தெரிந்த பின்பு தாம் எங்கே போய்ச் சொல்வது, சொன்னால் அந்தப் பிள்ளையை எங்கே வைப்பது என்பதே அவர்களிடமிருந்து நாம் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்வி.

ஏறத்தாழ இதே கேள்வியை ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் சென்னையில் எதிர்கொண்டு, தமது வீட்டுக் கதவைத் திறந்தே அதற்கு விடை கண்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்றும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கண்டவர் என்றும் அவரைப் பாடப்புத்தகங்கள் அறிமுகப்படுத்துகின்றன. சிறுமியரைக் காயம் படுமுன் காக்க அவர் பட்ட பாட்டை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

அவர் 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். மலையகத்துப் பெரியவர்கள் பலருக்கு அவ்வூர்ப் பெயர் அந்நியமானதன்று. திருச்சி, மதுரை, சேலம் சீமைகளோடு புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் நம் முன்னோர் கோப்பிக்கும் தேயிலைக்குமாகக் கடல் கடந்தனர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இந்தப் பிறப்பைப் பற்றிய ஊர்ப்பேச்சைச் செவிமடுத்தே அச்சிறுமி வளர்ந்தாள். உயர்கல்விக்காக ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் அவள் இடம் கேட்டபோது பெற்றோர் பலர் எதிர்த்தனர். புதுக்கோட்டை மன்னரின் அனுமதியாலேயே அந்தக் கதவு திறந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்று வெளிவந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

மகப்பேற்று மருத்துவராகப் பணியாற்றிய ஆண்டுகளில், தாமே இன்னும் பிள்ளைகளாக இருந்த தாய்மாரை அவர் கண்டார். பிரசவ அறைக்கு அவர்கள் வந்து சேரும் வேளையில் மருத்துவத்தால் செய்யக்கூடியது கொஞ்சமே. இத்தகைய அனுபவமே அவரைப் பொதுவாழ்வுக்கு இழுத்தது எனக் கருதலாம். 1925இல் பெண்கள், குழந்தைகள் நோய்கள் குறித்து மேற்படிப்புக்காக இலண்டன் சென்றார். திரும்பி வந்ததும், இந்தியப் பெண்கள் சங்கத்தின் முயற்சியால் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1927இல் சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பாடசாலை மாணவியருக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவப் பிரிவு என அவர் அங்கே முன்வைத்த கோரிக்கைகள், நோய் முற்றுமுன் பிள்ளையைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஒரே நினைவிலிருந்து பிறந்தவை. பெண்ணின் திருமண வயதை 16 ஆகவும் ஆணுக்கு 21 ஆகவும் உயர்த்தக் கோரும் தீர்மானத்தை 1928இல் கொண்டு வந்தார். மறு ஆண்டு இந்தியா முழுமைக்கும் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்ற அளவிலேயே நின்றுவிட்டது.

அவருடைய பெரும் போராட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைப் பற்றியது. விவரம் அறியாத வயதுச் சிறுமியைக் கோயிலுக்கென்று நேர்ந்து, தெய்வத்துக்கு மணம் முடித்ததாகத் தாலி கட்டும் சடங்கு அது. அதன் பின்னர் அவளுக்கு வேறு திருமணம் கிடையாது. பருவம் எய்தியதும் செல்வர்களின் ஆதரவில் வாழ வேண்டியதே வழி. குற்றம் என்று எவரும் சுட்டிக்காட்டக்கூடிய எதுவும் நிகழுமுன், குடும்பத்தார் கூடியிருக்க, மங்கலமாகவே அவளது எதிர்காலம் முடிவு செய்யப்பட்டுவிடும்.

இங்கே முத்துலட்சுமி எடுத்து வைத்த ஓர் அடி ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பெற்ற தாயும் பாட்டியும் சிறுமியை ஏன் நேர்ந்துவிடுகிறார்கள் என்று அவர் பார்த்தார். கோயில் பணிக்கு ஈடாக அக்குடும்பங்களுக்கு மானிய நிலங்கள் இருந்தன. பணி செய்ய ஒரு பெண் தொடர்ந்து இல்லாவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு சிறுமி அந்த நிலத்துக்காகப் பொட்டுக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 1929இல் இந்து அறநிலையச் சட்டத்தில் அவர் கொண்டு வந்த திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது. நிலத்தைப் பணியிலிருந்து பிரித்து, அதைக் குடும்பத்தின் உரிமையாக்க அது வழி செய்தது. பிள்ளையைக் கொடுத்தால்தான் சோறு என்ற கட்டாயம், நிலமுள்ள குடும்பங்களுக்கேனும், அத்தோடு தளர்ந்தது.

பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை 1930இல் முன்வைத்தார். சத்தியமூர்த்தி போன்ற காங்கிரஸ் தலைவர்கள் எதிர்த்தனர். தேவதாசியர் சங்கங்கள் சிலவும், தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்று அரசுக்கு விண்ணப்பங்கள் அளித்தன. அந்த அச்சம் வெறும் பிடிவாதம் என்று இன்று நாம் தள்ளிவிட இயலாது. இசையும் நடனமும் அறிந்த ஒரு மரபின் பெண்கள் மீது பிற்காலத்தில் விழுந்த இழிபெயருக்குச் சீர்திருத்தக்காரர்களின் பேச்சும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எனினும் அம்மரபுக்குள் பிறந்து அதை எதிர்த்தவர்கள் முத்துலட்சுமி ஒருவர் மட்டுமல்லர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று அதே பிரசாரத்தைச் செய்தார். காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி 1930இல் பதவி துறந்தார். அந்த மசோதா சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பதினேழு ஆண்டுகளில் அவர் சட்டத்துக்காகக் கைகட்டிக் காத்திருக்கவில்லை. 1930இல் இந்த வாழ்வு வேண்டாமென்று ஓடிவந்த சிறுமியர் சிலர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. படித்தவர்கள் நிறைந்த சென்னையில், கெட்டுப்போகாமல் தப்பி வந்த பிள்ளைகளுக்குப் படுக்க ஓர் இடம் இல்லை. முத்துலட்சுமி அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அவ்வை இல்லம் பிறந்தது அப்படித்தான். அடுத்தடுத்து ஆதரவற்ற சிறுமியர், கைவிடப்பட்ட பெண்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள் எனப் பலர் சேர்ந்தனர். சாதி கேட்கப்படவில்லை. பின்னர் அடையாற்றில் நிலைபெற்ற அவ்வில்லம், அடைக்கலத்தோடு படிப்பையும் தொழிலையும் தந்தது. பாடசாலையும் ஆசிரியர் பயிற்சியும் அதனுள்ளேயே வளர்ந்தன. வெளியேறும் பெண் இன்னொருவரின் தயவில் நிற்கக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

நம் நாட்டில் இப்போது சட்டங்களுக்குக் குறைவில்லை. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைந்தது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்தது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது 2021இன் தொடக்கத்தில் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களால் உயிரிழந்தாள். மலையகமெங்கும் மக்கள் வீதியில் இறங்கினர், நாமும் எழுதினோம். அதிகார சபையின் முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கம் 1929. முத்துலட்சுமியின் திருத்தம் நிறைவேறிய ஆண்டும் அதுவே என்பது தற்செயல்தான். ஆனால் அந்த இலக்கத்துக்கு அழைப்பு எடுக்கும் வேளையில் பெரும்பாலும் தீங்கு நிகழ்ந்து முடிந்திருக்கிறது.

அதற்கு முந்திய மாதங்களில் அக்குடும்பத்தின் படியேறியவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்க்கிறோம். குடும்பநல உத்தியோகத்தர் வந்திருப்பார். பிள்ளைக் காம்பராவில் கடைக்குட்டியைப் பார்த்துக்கொள்பவருக்கு வீட்டின் நிலை தெரிந்திருக்கும். ஆசிரியருக்கு வெறுமையான வாங்கு தெரியும். தோட்டத் தலைவருக்குத் தரகரின் முகமே தெரியும். இவர்கள் நால்வரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, எந்த வீட்டுக்கு எப்போது போவது, அந்த மாதக் கடனுக்கு என்ன வழி, தேவையானால் பிள்ளை எங்கே தங்குவது என்று பேசும் ஏற்பாடு எத்தனை தோட்டங்களில் இருக்கிறது? பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை உத்தியோகத்தர் ஒருவர் எத்தனை மலைகளைத்தான் ஏறி இறங்குவார்? மதுவும் கடனும் சேர்ந்து அழுத்தும் வீட்டில் பெற்றோரைக் குற்றவாளியாக்குமுன் அந்த அழுத்தத்தைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பதற்கு, மானிய நிலத்தின் கதையை விடப் பொருத்தமான முன்னுதாரணம் நமக்குத் தெரியவில்லை.

முத்துலட்சுமியின் பிற்கால வாழ்வு பலரும் அறிந்ததே. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை விட்டு அகலவில்லை. பல்லாண்டு முயற்சிக்குப் பின் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பணியைத் தொடங்கியது. 1956இல் பத்மபூஷண் விருது வந்தது. வறிய கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேற்று நிதியுதவி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1968 ஜூலை 22 அன்று, 82 வயது நிறைவதற்குச் சில நாட்களே இருக்கையில் அவர் காலமானார். அவ்வை இல்லத்தின் வகுப்பறைகளில் மறுநாளும் பிள்ளைகள் இருந்தார்கள்.