பத்திரேசுவரம் கண்ட பத்திரவர்மர்

திருக்கோயில் எடுத்தல் பேரறம். எடுத்த கோயில் பழுதுற்றவிடத்து அதனைப் புதுக்கிக் காத்தல் அதனினும் பெரிய அறம் என்பது நம் முன்னோர் கொள்கை. இக்கொள்கையைக் கல்லிலே பொறித்துப் பின்வருவோர் கையில் ஒப்படைத்துச் சென்ற அரசர் ஒருவர் கடல் கடந்த நாட்டிலே வாழ்ந்தார். அவரே சம்பா நாட்டை ஆண்ட பத்திரவர்மர் ஆவர்.

சம்பா என்பது இன்றைய வியத்நாமின் நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும் கடற்கரையோரமாக நீண்டு கிடந்த பழைய நாடு. நெல் விளைத்தும் கலம் செலுத்தியும் வாழ்ந்த சாம் மக்கள் அந்நாட்டுக்கு உரியவர்கள். கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் பத்திரவர்மர் அங்கே அரசு வீற்றிருந்தார். தர்மமகாராஜர் என்னும் விருதுப்பெயர் அவருக்கு உண்டு. அவருடைய கல்வெட்டுக்கள் வடமொழியில், தென்னிந்திய எழுத்தை ஒத்த வரிவடிவில் அமைந்தவை. அவர் காலத்தை ஒட்டியதாகக் கருதப்பெறும் மற்றொரு கல்வெட்டோ சாம் மொழியிலேயே உள்ளது. இன்று கிடைப்பனவற்றுள் அம்மொழியின் மிகப் பழைய எழுத்து அதுவே. இறைவனை வடமொழியால் ஏத்திய நாடு, தன் தாய்மொழியையும் கல்லில் ஏற்றிப் போற்றிய செய்தி இதனால் விளங்கும்.

தலைநகராகிய சிங்கபுரத்துக்கு அணித்தாக, நாற்புறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. அதற்கு இக்காலத்துப் பெயர் மீசோன். ஓடையும் காடும் மலையும் கூடிய அத்தனியிடத்தைப் பத்திரவர்மர் சிவபெருமானுக்கு உரியதாக்கினார். ஆங்கே சிவலிங்கத் திருமேனியை நிறுவிப் பத்திரேசுவரர் எனத் திருநாமம் சூட்டினார். பத்திரம் என்பது மங்கலம். மங்கலமே வடிவான இறைவன் பெயரோடு மன்னர் பெயரும் அதனால் இணைந்தது. காஞ்சியில் இராசசிம்ம பல்லவேச்சுரமும் தஞ்சையில் இராசராசேச்சுரமும் பெயர் பெற்ற முறைமையும் இதுவேயாம். இவ்விரண்டுக்கும் பல நூற்றாண்டு முந்தியது பத்திரேசுவரம்.

கோயிலுக்கு மன்னர் விட்ட நிவந்தத்தை அவர் நாட்டிய கல் தெளிவாகக் கூறுகின்றது. மகேசுவரனையும் உமையம்மையையும் பிரமனையும் திருமாலையும் வணங்கி, நிலம், காற்று, வான், நீர், தீ என்னும் ஐம்பூதங்களையும் வணங்கித் தொடங்குவது அக்கல்வெட்டு. கிழக்கும் தெற்கும் மேற்கும் மலைகளும் வடக்கே பேராறும் எல்லையாக, இடைப்பட்ட நிலம் முழுவதும் குடிகளோடு இறைவனுக்கு உரியதாயிற்று. விளைவில் ஆறில் ஒன்று அரசிறையாகக் கொள்வது வழக்கம். மன்னர் அதனைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து, அப்பங்கையும் இறைவனுக்கே செலுத்துமாறு பணித்தார். குடிகளை வருத்தாமல் கோயிலை வளர்த்த செங்கோன்மை இது.

இவற்றினும் சிறந்தது அவர் விடுத்த வேண்டுகோள். தாம் அளித்ததைத் தம்மேல் இரங்கியேனும் அழியாது காக்குமாறு அவர் பின்வருவோரை இரந்து கேட்டுக்கொண்டார். காப்பவருக்கு அறப்பயன் சேரும் என்றும், அழிப்பவரைத் தம்முடைய தீவினை சென்று பற்றும் என்றும் எழுதி வைத்தார். ஆணையிட வல்ல அரசர் ஈண்டு இரப்பவராய் நிற்கின்றார். தம் வாள் காவாத காலமும் வரும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

அக்காலமும் வந்தது. 6-ஆம் நூற்றாண்டில் உருத்திரவர்மர் நாளில் பத்திரேசுவரம் தீக்கு இரையாயிற்று. அவர் மகனார் சம்புவர்மர் கோயிலை மீட்டெடுத்துத் தம் பெயரையும் கூட்டிச் சம்புபத்திரேசுவரர் என வழங்கினார். முன்னவர் பெயரை நீக்காமல் அதனோடு தம் பெயரைச் சேர்த்த பண்பு போற்றத்தக்கது. 687-ஆம் ஆண்டில் விக்கிராந்தவர்மர் பத்திரேசுவரருக்குத் திருமுடி சாத்தினார். 11-ஆம் நூற்றாண்டில் கெமர் படையெடுப்பால் நேர்ந்த அழிவை நான்காம் அரிவர்மர் திருத்திப் புதுக்கினார். இங்ஙனம் 13-ஆம் நூற்றாண்டு வரை அரசர் பலர் அப்பள்ளத்தாக்கில் 70-க்கும் மேற்பட்ட கட்டடங்களை எழுப்பினர்.

அவர்கள் எழுப்பியவை பெரும்பாலும் செங்கல் தளிகள். சாம் மக்கள் மூலக்கோயிலைக் கலன் என்பர். சதுரமான கருவறையின்மேல் நிலை நிலையாகக் குறுகி உயரும் விமானம், பெரும்பாலும் கிழக்கு நோக்கிய ஒரே வாயில், ஏனை மூன்று புறமும் மூடிய பொய்வாயில்கள், அருகே தோணியைக் கவிழ்த்தாற்போன்ற கூரையுடைய பண்டாரமனை என்பன அதன் அமைப்பு. சாந்து புலப்படாதபடி செங்கற்களை இழைத்து அடுக்கிச் சுவரை முதலில் எழுப்பி, பின்னரே அதன்மேல் உருவங்களைச் செதுக்கினர். ஓர் உளி தவறினும் சுவர் பழுதாம். அத்துணை நுண்ணிய கைவினை அது.

1471-இல் விசயநகரம் என்னும் சம்பாத் தலைநகர் வடக்கிருந்த தாய்வியத் அரசிடம் வீழ்ந்தது. மீசோன் காடு மூடிக் கிடந்தது. 1898-இல் பிரெஞ்சுக்காரர் அதனைக் கண்டறிந்தனர். 1969-இல் அமெரிக்க வான்படை வீசிய குண்டுகளால் அங்கிருந்தவற்றுள் தலைசிறந்த பெருங்கோயில் இடிந்து வீழ்ந்தது. போர் முடிந்த பின்னர், 1980 முதலான ஆண்டுகளில், போலந்து நாட்டுக் கட்டடக்கலைஞர் கசிமிர் குவியத்கோவ்ஸ்கி அங்கே தங்கி, எஞ்சியவற்றைத் தாங்கி நிறுத்த உழைத்தார். 1997-இல் வியத்நாம் மண்ணிலேயே அவர் உயிர் நீத்தார். 1999-இல் மீசோன் உலக மரபுச் சின்னமாயிற்று. இந்தியத் தொல்லியல் துறையும் 2017 முதல் 2022 வரை அங்கே திருப்பணி செய்தது. அப்பணியின்போது, 2020-இல், 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே கல்லாலான சிவலிங்கத் திருமேனி மண்ணிலிருந்து வெளிப்பட்டது.

மீசோனில் இன்று நித்திய பூசை இல்லை. ஆயினும் தெற்கே பன்ராங் நகரைச் சார்ந்த போகிளாங் கராய் கோயிலில், சாம் மக்கள் ஆண்டுதோறும் கதே திருவிழாவில் முகலிங்கப் பெருமானுக்கு நீராட்டி ஆடை சாத்தி வழிபடுகின்றனர். பத்திரவர்மர் இட்ட வித்து முற்றும் பட்டுப்போகவில்லை.

அவர் அளந்து விட்ட நிலமும் எழுப்பிய முதற்கோயிலும் இன்று இல்லை. அவர் வேண்டுகோள் மட்டும் கல்லில் நிற்கின்றது. அதற்குச் செவிசாய்த்தோர் அவர் குலத்தவர் மட்டும் அல்லர்; அவர் பெயரையும் கேட்டறியாத நாட்டிலிருந்து வந்தவரும் உளர். கட்டியவரோடு காத்தவரும் அறப்பயனுக்கு உரியர் என்று அவர் எழுதியது இவ்வாறு மெய்யாயிற்று. குடமுழுக்குக் காணும் ஒவ்வொரு கோயிலிலும், ஒரு செங்கல்லும் ஒரு பிடி நெல்லும் உதவுவோர் யாவரும் அந்த அறத்தில் பங்குடையவரே. மங்கல வடிவினனாகிய சிவபெருமான் அவர் அனைவர்க்கும் திருவருள் புரிவானாக.