தீயை நோக்கி ஓடியவர்!

குழந்தைகளே... எங்காவது தீப்பிடித்தால், மணியடித்தபடி விரைந்து வரும் சிவப்பு நிற வண்டியைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் தீயை விட்டு விலகி ஓட, அதை நோக்கி ஓடுபவர்கள் தீயணைப்பு வீரர்கள். இந்தப் பணிக்கு முறையான பயிற்சி வேண்டும் என்பதை உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட்.

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில், 1800ம் ஆண்டு பிறந்தார் ஜேம்ஸ். அவரது தந்தை மரச்சாமான்கள் செய்பவர். படிப்பை முடித்த ஜேம்ஸ், கட்டடங்களை அளந்து மதிப்பிடும் தொழிலைக் கற்றார். சுவர், கூரை, உத்திரம் எல்லாம் எப்படித் தாங்கி நிற்கின்றன என்பது அவருக்கு அத்துப்படி.

அக்காலத்தில், காப்பீட்டு நிறுவனங்கள் தனித்தனியே தீயணைக்கும் ஆட்களை வைத்திருந்தன. 1824ல், எடின்பரோ நகருக்கென்று ஒரே படை அமைக்கப்பட்டது. அதன் தலைவராக ஜேம்ஸ் நியமிக்கப்பட்டபோது, அவருக்கு வயது 24 தான்!

கொத்தனார், தச்சர், கொல்லர், கூரை வேய்பவர் போன்ற தொழிலாளிகளைத் தேடிப் பிடித்துப் படையில் சேர்த்தார். கூரை வேய்பவருக்கு உயரத்தில் நடக்கத் தெரியும். கொத்தனாருக்கு எந்தச் சுவர் இடியும் என்று தெரியும் அல்லவா! வாரம் ஒருநாள், அதிகாலை 4 மணிக்கே பயிற்சி. ஆள் நடமாட்டம் இல்லாத இருட்டில், ஏணி ஏறவும், தண்ணீர்க் குழாய்களை இணைக்கவும் பழகினர்.

படை தொடங்கிய சில மாதங்களிலேயே, நவம்பர் 1824ல், எடின்பரோவில் பெருந்தீ மூண்டது. நாள் கணக்கில் எரிந்த அந்தத் தீயில், நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. நகரப் பெரியவர்கள் பலரும் ஆளுக்கொரு கட்டளை இட்டதால், வீரர்கள் குழம்பிப் போயினர். அதன்பின், தீப்பிடித்த இடத்தில் படைத்தலைவர் சொல்வதே சட்டம் என்று முடிவானது.

அதுவரை, தெருவில் நின்றபடி ஜன்னல் வழியே தண்ணீர் பீய்ச்சுவதே வழக்கம். ஜேம்ஸ் அதை மாற்றினார். கட்டடத்துக்குள் நுழைந்து, தீ எரியும் இடத்திலேயே தண்ணீர் படும்படி செய்யப் பழக்கினார். புகை மேலே எழும். தரையை ஒட்டி ஓரளவு நல்ல காற்று இருக்கும். எனவே, தவழ்ந்து போகக் கற்றுத் தந்தார். யாரும் தனியாக உள்ளே போகக் கூடாது; இருவராகவே செல்ல வேண்டும் என்பது அவரது கண்டிப்பான விதி. ஒருவர் மயங்கி விழுந்தால், மற்றவர் காப்பாற்றலாமே!

ஒருமுறை, தீப்பிடித்த கடையின் நிலவறையில் வெடிமருந்து இருந்தது. வீரர்களை அனுப்பாமல், தானே உள்ளே சென்று அதை வெளியே கொண்டு வந்தார் ஜேம்ஸ்.

அவரது புகழ் லண்டனை எட்டியது. 1833ல், அங்கிருந்த காப்பீட்டு நிறுவனங்கள் ஒன்று சேர்ந்து அமைத்த படைக்குத் தலைவரானார். மறு ஆண்டே, பார்லிமென்ட் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. பெரும்பகுதி அழிந்தாலும், பழமையான வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் காப்பாற்றப்பட்டது.

ஜூன் 22, 1861. தேம்ஸ் நதிக்கரையில், டூலி தெருவில் இருந்த கிடங்குகளில் தீப்பிடித்தது. பஞ்சு, சணல், சர்க்கரை, கொழுப்பு என உள்ளே இருந்ததெல்லாம் எளிதில் எரியும் பொருட்கள். தீ பரவாமல் தடுக்கும் இரும்புக் கதவுகள் இருந்தும், அவை மூடப்படாமல் கிடந்தன. கடும் வெப்பத்தில் வீரர்கள் துவண்டனர். 60 வயது ஜேம்ஸ், அவர்கள் அருகே சென்று, களைப்பு தீரக் குடிக்கக் கொடுத்து உற்சாகப்படுத்தினார். அப்போது, பெரிய சுவர் ஒன்று சரிந்து அவர் மீது விழுந்தது. அந்த இடத்திலேயே உயிர் பிரிந்தது. தோழரைத் தனியே விடக் கூடாது என்று கற்றுத் தந்தவர், தோழர்களைக் கவனிக்கப் போன இடத்திலேயே மாண்டார்.

லண்டன் மாநகரமே துக்கத்தில் ஆழ்ந்தது. இறுதி ஊர்வலம், 2 கி.மீ.,க்கும் அதிகமாக நீண்டிருந்தது. டூலி தெரு தீயால் பெரும் இழப்பைச் சந்தித்த காப்பீட்டு நிறுவனங்கள், இனி இப்பணியைத் தங்களால் சுமக்க முடியாது என்றன. அதனால், 1865ல் சட்டம் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டு முதல், லண்டனின் தீயணைப்புப் பணி மக்களுக்கான பொதுச்சேவை ஆனது. 2008ல், எடின்பரோவில் ஜேம்சுக்குச் சிலை வைக்கப்பட்டது.

குழந்தைகளே... தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்டால், உடனே ஒதுங்கி வழி விடுங்கள். 101, 112 எண்களை விளையாட்டாக அழைக்காதீர்கள். தீயணைப்பு வீரரைச் சந்தித்தால், ஒரு நன்றி சொல்லுங்கள். முகம் தெரியாத நமக்காகத் தீக்குள் நுழைபவர் அவர்!