நட்சத்திர பங்களாவின் முதல் டைரக்டர்

பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே மேத்தன் மணி என்ற பழைய கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது தாடிக்கார முகம் ஒன்று வாய் திறக்கும். இரு புறமும் உள்ள ஆடுகள் கன்னத்தில் முட்டும். சாலைக் கடைவீதியில் வேலை செய்யும் தமிழர்கள் இதைப் பார்த்திராமல் இருக்க முடியாது. இக்கடிகாரம் அமைய வழி சொன்னவர் ஜான் கால்டிகாட் என்பர். திருவனந்தபுரம் வானாராய்ச்சி நிலையத்தின் முதல் டைரக்டரும் அவரே.

ஆங்கிலேயரான கால்டிகாட், வானசாஸ்திர உத்தியோகத்துக்காக இங்கு வந்தவரல்லர். திருவிதாங்கூர் சர்க்காரின் வியாபார ஏஜெண்டாக ஆலப்புழைத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பகலில் மிளகுக் கணக்கு. இரவில் சொந்தக் கருவிகளோடு வானத்தைப் பார்ப்பது. இதுவே அவர் வழக்கம்.

இச்செய்தி சுவாதித் திருநாள் மகாராஜாவின் காதுக்கு எட்டியது. சங்கீத ரசிகரான மகாராஜாவுக்கு வானசாஸ்திரத்திலும் மிகுந்த ஆர்வம் உண்டு. 1836-ல் நிலையம் அமைக்க அனுமதி தந்தபோது அவருக்கு வயது 23. மறு ஆண்டே பாளையம் பக்கத்துக் குன்றில் கட்டடம் எழுந்தது. ஊரார் அதை நட்சத்திர பங்களா என்றனர். வியாபார ஏஜெண்ட் டைரக்டரானார். பின்னர் ஐரோப்பா சென்று புதிய கருவிகளும் வாங்கி வந்தார்.

1843-ல் பெரிய வால்நட்சத்திரம் தோன்றியது. கால்டிகாட் அதைக் கவனித்து, அதன் பாதையைக் கணக்கிட்டார். அதே ஆண்டு டிசம்பர் 21-ம் தேதி சூரிய கிரகணத்தை மலபார் கரைக்குச் சென்று ஆராய்ந்தார். வெப்பநிலையையும் காற்றின் அழுத்தத்தையும் இரவு பகலாகக் குறித்து வைக்க ஏற்பாடு செய்தார்.

அக்காலத்தில் வானத்தைப் படம் பிடிக்க வசதி இல்லை. ஓரியன் மண்டலத்தில் மங்கிய புகைபோல் தெரியும் நெபுலாவைக் கண்ணால் பார்த்துக் கையால் வரைய வேண்டும். எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் கண் ஒளியைச் சேர்த்து வைக்காது. போட்டோ தகடு சேர்த்து வைக்கும். 1880-ல் அமெரிக்க டாக்டர் ஹென்றி டிரேப்பர் சுமார் 50 நிமிஷம் தகட்டை ஒளியில் வைத்து, அந்த நெபுலாவை முதன்முதலாகப் படம் பிடித்தார். அதைக் காணக் கால்டிகாட் இல்லை. 1846-ல் மகாராஜா 33 வயதிலேயே காலமானார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1849-ல், கால்டிகாட்டும் இதே திருவனந்தபுரத்தில் கண்மூடினார். 1852-ல் ஜான் ஆலன் பிரௌன் வந்து பணியைத் தொடர்ந்தார்.

நிலையம் இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. இன்றைக்குச் சிறிய தொலைநோக்கியும் காமிராவும் வைத்திருப்பவர், மொட்டை மாடியிலிருந்தே நெபுலாவைப் படம் பிடிக்கலாம். பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகரும். அதற்கு ஈடாகத் தொலைநோக்கியை மெல்லத் திருப்பும் மோட்டார் வேண்டும். சிறுசிறு நேரம் எடுத்த பல படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தால், கண்ணுக்குத் தெரியாத மங்கலும் துலங்கும். தடையாக நிற்பவை தெரு விளக்குகளும் மழை மேகமுமே. கால்டிகாட்டுக்கு நல்ல இருட்டு இருந்தது, காமிரா இல்லை. நமக்குக் காமிரா இருக்கிறது, இருட்டு குறைந்துவிட்டது.

ஆபீஸ் வேலை முடிந்த பிறகு ஒரு மனிதர் ஆசைக்காகச் செய்த காரியம், ஒரு நகரத்துக்கே வானாராய்ச்சி நிலையத்தைத் தந்தது. கணக்கு எழுதிப் பிழைப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய வாழ்க்கை இது.